வெளிச்சவீட்டுப் பெட்டி

ஒரு கதையின் முடிவு தெரியாமல் வளர்ந்தவனை நம்பி எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. அவன் கல்யாணம் செய்வான், தலவாக்கலை பஜாரில் போன் திருத்தும் கடை போடுவான், வாடிக்கையாளரிடம் பெரிய மனுஷன் போலப் பேசுவான். ஆனால் மனசின் ஒரு மூலையில் வாயைப் பிளந்துகொண்டு டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பான். என்னைத்தான் சொல்கிறேன்.

நான் சின்னவனாக இருந்தபோது செவ்வாய்க்கிழமை சாயந்தரங்களில் ஓர் இங்கிலீஷ் தொடர் போட்டார்கள். அதன் உண்மையான பெயர் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. நாங்கள் வைத்த பெயர் 'வெளிச்சவீட்டுக் கதை'. கடலே இல்லாத ஒரு மலை ஊர். ஊருக்கு நடுவில், கப்பலுக்கு வழி காட்டுவதைப் போல, ஒரு வெளிச்சவீடு. அதில் யார் விளக்கேற்றுகிறார்கள் என்று கண்டுபிடிக்க மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு போலீஸ்காரர் வருகிறார். தபால் கந்தோருக்குள் ஒரு மாடு நிற்கும். ஏன் நிற்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு கிழவர் வாரம் தவறாமல் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவித்த முட்டை சாப்பிட்டுவிட்டுப் போவார். முதல் பாகத்தில் மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு பெண் ரயிலிலிருந்து இறங்கி மூடுபனிக்குள் நடந்து மறைவாள். (மூடுபனிக்கு எங்களுக்கு டிவி தேவையில்லை. அது ஜன்னல் வழியாக உள்ளே வந்து எங்களோடு சேர்ந்து படம் பார்த்தது.)

லயத்தில் இருந்த ஒரே டிவி, லொறி டிரைவர் ராமையா மாமாவுடையது. லொறி பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டி. (கறுப்பு வெள்ளையில் கோட்டு மஞ்சள் என்று எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அக்கா சொன்னாள், அது மஞ்சள்தான்.) முதல் நாளே மாமா எழுந்து அணைக்கப் போனார்.

"என்ன பேசுறானுங்கன்னே வெளங்கல்ல. எதுக்கு சும்மா பேட்டரிய தீக்கணும்?"

"கீழ சிங்களத்துல எழுத்து ஓடுதுங்க மாமா. நான் வாசிச்சு சொல்றேன்" என்றாள் என் அக்கா பாக்கியம்.

அக்கா வட்டகொடையில் ஒரு கடையில் வேலை செய்தாள். முதலாளி அம்மாவோடு சிங்களத்தில் சண்டையே போடுவாள். ஆகவே யாரும் சந்தேகப்படவில்லை. அன்றிலிருந்து திரையில் யார் வாயசைத்தாலும் அக்காவின் குரல்தான் வந்தது. போலீஸ்காரருக்கு ஒரு குரல், முட்டைக் கிழவருக்கு ஒரு இருமல். மஞ்சள் கோட்டுக்காரியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். "அந்த அம்மா ரெண்டு புள்ளைங்கள விட்டுட்டு தூரத்துக்கு வேலைக்குப் போனவங்க. திரும்பி வர்றப்போ பனியில வழி தவறிட்டாங்க. அவங்களுக்குத்தான் அந்த வெளக்கு எரியுது." ஒவ்வொரு வாரமும் அந்த அம்மா இன்னும் கொஞ்சம் கிட்டே வந்துகொண்டிருந்தாள். ஒரு வாரம் அவளுடைய காலடிச் சத்தம் கேட்டதாம். எனக்குக் கேட்கவில்லை, அக்காவுக்குக் கேட்டது.

எங்கள் அம்மா அப்போது குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தார். நான் செவ்வாய்க்கிழமைகளுக்காகவே உயிரோடு இருந்தேன்.

கடைசிப் பாகம் வந்த அன்று அடித்த காற்று அன்டெனாவைப் பிடுங்கித் தேயிலைக்குள் எறிந்தது. மாமாவும் இன்னும் நாலு பேரும் கூரை மேல் ஏறி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளியே பெய்த அதே மழைதான் திரையிலும் பெய்தது. நான் அழுதேன். "மறுபடி போடுவாங்கடா" என்றாள் அக்கா. போடவில்லை. பிறகு அம்மா வந்தார். அம்மா வந்த கையோடு அக்கா குவைத்துக்குப் போனாள், வீட்டுக்கு ஒருவர் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டதைப் போல. எப்போதாவது லீவில் வருவாள். வாசற்படியில் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவு பேசிய அக்காவிடம் பேச்சே குறைந்துவிட்டது. அதுதான் என்னைப் போட்டு அரித்தது.

கல்யாணமாகிக் கடையும் போட்ட பிறகு ஒரு நாள் என் மூளையில் ஒரு திட்டம் உதித்தது. (என் மூளையில் உதித்த எதுவும் நல்லபடியாக முடிந்ததில்லை.) அந்தத் தொடர் முழுவதையும் டிஸ்க்காக வாங்கி, அக்கா அடுத்த லீவில் வரும்போது அவளோடு உட்கார்ந்து முடிவைப் பார்ப்பது. அதுவரை ஒரு பாகம்கூடப் பார்ப்பதில்லை என்று விரதமும் எடுத்தேன்.

இன்டர்நெட்டில் தேடினேன், கிடைக்கவில்லை. நுவரெலியாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன முதல் பெட்டி கிடைத்தது. கொழும்பு நடைபாதையில் இன்னொன்று வாங்கினேன். அட்டையில் வெளிச்சவீடு, உள்ளே கேக் செய்யும் முறை. கனடாவிலிருந்து மச்சான் அனுப்பியது, ஏற்கெனவே என்னிடம் இருந்த அதே பெட்டி. "இந்தப் பெட்டியத் தேடுற அக்கறையில பாதிய வச்சு கூரைக்கு நல்ல தகரம் தேடியிருக்கலாம்" என்றாள் என் மனைவி ரெஜினா. அவள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். ஒழுகுகிற இடத்துக்குக் கீழே சட்டி வைத்துக்கொண்டேதான் சொன்னாள். கடைசியில் கொழும்பில் பழைய டிஸ்க் விற்கும் ஒருவர் முழு செட்டையும் தேடிப்பிடித்து அனுப்பினார். கடைசிப் பெட்டிக்கு மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கூடப் பிரிக்கப்படவில்லை. அதை நான் முகர்ந்து பார்த்ததை ரெஜினா பார்த்துவிட்டாள்.

அக்கா வந்தாள். அத்தோடு நான் வீட்டுக்குள் இருந்து பார்த்திருக்கலாம். ஆனால் பெருமை விட்டதா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தில் தொட்டில்களை ஓரங்கட்டி, சர்ச்சிலிருந்து புரொஜெக்டர், கோயில் திருவிழாவுக்குக் கட்டும் ஒலிபெருக்கி, உட்கார மரண உதவிச் சங்கத்துக் கதிரைகள் எல்லாம் கொண்டுவந்து இறக்கிவிட்டேன். "அன்று பாதியில் நின்ற வெளிச்சவீட்டுக் கதை, இன்று முழுவதுமாக!" என்று காலையிலிருந்து மைக்கில் கத்தினேன். மூன்று லயமும் திரண்டு வந்தது. மரண உதவிச் சங்கத்துக் கதிரையைப் பார்த்ததும் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் முகத்தைத் துயரமாக வைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் அம்மா. பின்வரிசையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு அக்கா. "வேணாம் தம்பி, நாம வீட்டுலயே பாப்போம்" என்று அவள் காலையிலிருந்து சொன்னது என் காதில் ஏறவில்லை.

டிஸ்க்கில் சிங்கள எழுத்து இல்லை. ஆகவே ரெஜினா மைக்கில் மொழிபெயர்த்தாள். மஞ்சள் கோட்டுக்காரி ரயிலிலிருந்து இறங்கினாள். கோட்டு உண்மையிலேயே மஞ்சள். கூட்டம் கை தட்டியது.

"இவங்க பெயின்ட் கம்பெனியில இருந்து வந்திருக்காங்க" என்றாள் ரெஜினா. "வெளிச்சவீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறதுக்கு அளவு கேக்குறாங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. நான் அவளைப் பார்த்து, "சரியா சொல்லு" என்றேன்.

"சரியாத்தாங்க சொல்றேன். இவங்க பேரு மிஸ் ஹெலன். கல்யாணம் ஆகல்ல. புள்ள குட்டி இல்ல."

"டீச்சருக்கு இங்கிலீஷ் தெரியல்ல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மிஸ் ஹெலன் அளவெடுத்துவிட்டு அடுத்த ரயிலில் போயே போய்விட்டாள். இரண்டாம் பாகத்தில் வரவில்லை. மூன்றாவதிலும் வரவில்லை. கூட்டம் கொதித்தது. "போலி சாமான வாங்கிட்டு வந்திருக்கான்!"

ஆமாம், போலிதான். எனக்கும் வேறு விளக்கம் தோன்றவில்லை. ரெஜினாவிடமிருந்து பிடுங்கிய மைக்கை ஒரு கையில் பிடித்தபடியே மறு கையால் கொழும்புக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, சிங்களத்தில் கத்தினேன். "மஞ்சள் கோட்டு அம்மா எங்கே? அவளுடைய பிள்ளைகள் எங்கே? கதையை வெட்டி எடுத்துவிட்டு விற்கிறீர்களா?" ஒலிபெருக்கி அதை எதிர்மலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த மனுஷர் பாவம், "மாத்தயா, அந்தப் படத்தில் பிள்ளைகளே கிடையாது" என்று மன்றாடினார். "நான் பார்த்தேன்! ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பார்த்தேன்!" என்று நான் கிட்டத்தட்ட அழுதேன். முழுத் தோட்டமும் கேட்டுக்கொண்டிருந்தது.

யாரோ என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்கள். அக்கா.

"அவர விடு தம்பி. அவரு சரியான சாமானத்தான் குடுத்திருக்காரு." மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "எனக்கு சிங்களம் பேசத்தான் தெரியும். எழுத்த அவ்ளோ வெரசா வாசிக்க வராது. நீ ராத்திரியெல்லாம் அம்மாவக் கேட்டு அழுவ. அதான்."

ராமையா மாமா மெதுவாக எழுந்தார்.

"அப்ப நான் பேட்டரிய சுமந்து சுமந்து சார்ஜ் பண்ணிப் பாத்தது ஓன் கதையா புள்ள?"

"ஆமாங்க மாமா."

மாமா திரையைக் கை காட்டினார். "அப்ப இந்த டீச்சரம்மா கதை நமக்கு எதுக்கு? சவுண்ட மூடுங்கடா. நீ சொல்லு."

அக்கா சொன்னாள். முட்டைக் கிழவர் வந்ததும் அந்தப் பழைய இருமல் வந்தது. கூரை அதிரச் சிரித்தார்கள். மிஸ் ஹெலன் திரையில் இல்லாவிட்டாலும் அக்காவின் வாயில் நடந்துகொண்டே இருந்தாள். முன்வரிசையில் அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு, "எனக்கு மஞ்ச கலரே புடிக்காது" என்றார். எவ்வளவு அவமானப்பட்டிருந்தேன் தெரியுமா? ஆனாலும் அந்த மத்தியானம் முடியவே கூடாது என்றிருந்தது. இத்தனை வருஷம் நான் ஏங்கியது முடிவுக்காக இல்லை, இந்தக் குரலுக்காகத்தான்.

நடுப்பாகங்களைத் தாவித் தாவி ஓட்டி, பொழுது சாய்ந்ததும் கடைசிப் பெட்டியின் பிளாஸ்டிக்கை நான் கிழிக்கப் போனபோது அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது இருக்கட்டும். நான் ஒரேயடியா ஊருக்கு வந்த பொறகு சொல்றேன்."

கூட்டம் கெஞ்சியது. மாமா அதட்டியும் பார்த்தார். அவள் மசியவில்லை. லீவு முடிந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து நான் செல்வம் இல்லை, 'மஞ்சக் கோட்டு'. போன் திருத்த வருகிறவர்கள் போனைக் கொடுப்பதற்கு முன், "என்னா மஞ்சக் கோட்டு, புள்ளைங்க கெடைச்சாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். கொழும்புக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அக்கா வந்தால் எனக்கும் முடிவைச் சொல்லுங்கள் மாத்தயா, இப்போது எனக்கும் தூக்கம் போய்விட்டது" என்றார் அவர். ரெஜினாவின் வகுப்பில் இப்போதும் யாராவது தப்பாக மொழிபெயர்த்தால், "பாக்கியம் பெரியம்மா மாதிரி சொன்னேன் டீச்சர்" என்று தப்பிக்கிறார்களாம்.

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு ஓய்வு நாள். வீடியோவில் வருவாள். போன வெள்ளிக்கிழமையும் முதலில் பெட்டியைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். நான் திருப்பத் திருப்ப, பிளாஸ்டிக்கை உற்றுப் பார்த்தாள்.

"பாத்துடாத தம்பி" என்று சிரித்தாள். "நீ பாத்துட்டா நான் எதுக்கு வர்றது?"

அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"அவன் பாக்க மாட்டான். நான் பாத்துக்குறேன். நீ டிக்கட்டப் போடுடி."