முதல் பாதி மட்டும் படித்த தளபதி

இனிமேல் இந்த வீட்டுக்குத் தலைவர் தான்தான் என்று பைண்டர் முடிவு செய்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம். அப்போது அவர் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். முடிவு பெரியது என்பதால் கடைசித் தட்டையும் துடைத்து அடுக்கிவிட்டுத்தான் அறிவித்தார்.

"முன்னறை எனக்கு."

"சரி, அந்தக் கரண்டியையும் துடைச்சிருங்க," என்றாள் மனைவி.

முன்னறைதான் விவகாரம். அதில் வாடகைக்கு இருந்தவர் போன மாதம் காலி செய்துவிட்டுப் போனார். தெருவைப் பார்த்த நல்ல அறை, சும்மா கிடந்தது. அங்கே ஒரு நீள பெஞ்சு போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வேலை முடிந்த மத்தியானங்களில் காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்பது பைண்டரின் ஆசை. பன்னிரண்டு வருஷமாக அச்சாபீஸில் நின்று நின்று வீங்கிப்போன கால். மனைவிக்கோ அங்கே துணி வெட்டும் மேசை போட வேண்டும். அவள் தையல்காரி. அவளுடைய மிஷின் அடுப்படியில், அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே மூச்சு முட்டி நிற்கிறது. பள்ளிக்கூடம் திறக்கப் பத்தே நாள். நாற்பது சீருடை தைக்க வேண்டும். தைத்துக் கொடுத்த சட்டைகளெல்லாம் வெங்காய வாசனையோடுதான் வீடு போய்ச் சேர்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை தச்சர் வருகிறார். அவரிடம் இருப்பது ஒரே ஒரு நல்ல பலகை. ஒன்று பெஞ்சு, இல்லாவிட்டால் மேசை.

இத்தனை நாள் வாயைத் திறக்காதவருக்குத் திடீர் வீரம் எங்கிருந்து வந்தது? அச்சாபீஸிலிருந்து வந்தது. பழைய ராஜாக்களும் தளபதிகளும் எப்படித் தலைமை தாங்கினார்கள், நாம் அவர்களிடம் கற்க வேண்டியது என்ன என்று ஒரு தடிப் புத்தகம் அங்கே அச்சாகிக்கொண்டிருந்தது. பதினாறு பக்கம் கொண்ட ஒவ்வொரு பெரிய தாளுக்கும் பாரம் என்று பேர். பாரங்களை மடித்து, எண் வரிசையில் அடுக்கி, தைத்து, அட்டை ஒட்டினால் புத்தகம். அதுதான் பைண்டரின் வேலை. மை அப்பிய கழிவுத் தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மனைவி அவற்றில்தான் சட்டை அளவுகளை வரைந்து வெட்டிக்கொள்வாள்.

அந்தப் புதன்கிழமை கொண்டுவந்த தாள்கட்டுக்குள், ஒவ்வொரு தாளும் இரண்டிரண்டு பிரதி இருப்பதாக நினைத்துக்கொண்டார். சீட்டுப் போடுகிற மாதிரி எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று பங்கு பிரித்தார். அவருக்கு ஒன்றாம் பாரம், மூன்றாம் பாரம், ஐந்தாம் பாரம். அவளுக்கு இரண்டு, நான்கு, ஆறு. அச்சாபீஸில் ஒரு பாரம் இடம் மாறினால் அரைமணி நேரம் வைகிற மனுஷன் அவர். வீட்டில் பாதிப் புத்தகத்தைத் தாரை வார்த்துவிட்டு, காலாட்டிக்கொண்டே படித்தார்.

அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு தளபதிக்கும் இரண்டு பாரம். ஆகவே அவர் படித்ததெல்லாம் முதல் பாதி. அலெக்சாண்டர் கிழக்கே, இன்னும் கிழக்கே என்று போகிறார், தாள் முடிந்தது. சீசர் படையோடு ஆற்றைத் தாண்டுகிறார், முடிந்தது. நெப்போலியன் மாஸ்கோவுக்குள் நுழைகிறார்; அதுவும் முடிந்தது. ஒருத்தருக்கும் தோல்வி இல்லை. எல்லாம் பாதி வாக்கியத்தில் நிற்கிறதே என்று லேசாக உறுத்தியது. பெரிய எழுத்தாளர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று சமாதானம் செய்துகொண்டார்.

வியாழக்கிழமை அலெக்சாண்டர் வழி. அதற்குப் படை வேண்டும். வீட்டில் இருந்த ஒரே படை, ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள்.

"தங்கம், இன்னிலேர்ந்து நீதான் அப்பாவோட படை."

"படைன்னா என்னப்பா செய்யணும்?"

"நான் கை காட்டுற பக்கம் போகணும். கேள்வி கேக்கக் கூடாது."

போனாள். முன்னறைக்குப் பாய் போனது. தலையணை போனது. மேசை விசிறியும் போனது. துணிப்பெட்டியைத் தூக்கச் சொன்னபோது வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்கு மேல வரமாட்டேன்ப்பா."

"படை அப்படிச் சொல்லக் கூடாது கண்ணு."

"சொல்லலாமாம். அந்த ராஜாவோட படையும் ஒரு ஆத்தங்கரையில உக்காந்து, இனிமே ஒரு அடி வரமாட்டோம், ஊருக்குப் போகணும்னு சொல்லிருச்சாம். அம்மா சொன்னாங்க."

"எந்த ராஜா?"

"உங்க ராஜாதான்."

அம்மாவும் பெண்ணும் எதையோ குழப்பிக்கொள்கிறார்கள் என்று விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை சீசர் வழி. குளியலறை வாசலில் தேங்கியிருந்த சோப்புத் தண்ணீரைக் கம்பீரமாகத் தாண்டப்போய், வழுக்கி விழுந்ததோடு அந்தப் பாடம் முடிந்தது.

சனிக்கிழமை லீவு. விடிந்ததும் முன்னறைக்குள் புகுந்து, நெப்போலியன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திப் பாயில் உட்கார்ந்தார். மனைவி சண்டைக்கு வருவாள் என்று ஏழெட்டு பதில் தயாராக வைத்திருந்தார். யாரும் வரவில்லை. எட்டு மணிக்குத் தேநீரும் வரவில்லை. பத்து மணிக்கு வயிறு பேச ஆரம்பித்தது. பதினோரு மணிக்கு எழுந்து அடுப்படியை எட்டிப் பார்த்தார்.

அடுப்பு துடைத்து வைத்திருந்தது. அரிசி டப்பா இல்லை. ரொட்டி இல்லை. சர்க்கரை இல்லை. மனைவியும் மகளும் இல்லை. தண்ணீர்க் குடம் மட்டும் இருந்தது. தூக்க முடியாததால் விட்டுப்போயிருக்க வேண்டும்.

மிஷின்மேல் காகிதத்தில் வெட்டிய சட்டைப் பாகங்கள் கிடந்தன. ஒரு முதுகில் நெப்போலியன் பேர் தெரிந்தது. எடுத்துப் படித்தார். மாஸ்கோவில் ஜனமே இல்லை. சரணடையக்கூட ஆள் வரவில்லை என்று முதுகு சொன்னது. கழுத்துக்கு வெட்டியதில் நாலு வரி காணாமல் போயிருந்தது. இடது கையில் உணவு தீர்ந்தது. வலது கையைத் தேடினார், கிடைக்கவில்லை. காலரில் 'பனி' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. சீசர் ஒரு கால்சட்டையில் இருந்தார். இடுப்புக்குப் பக்கத்தில் நண்பர்கள் சூழ்ந்து நின்றார்கள். முழங்காலுக்குக் கீழே சீசர் உயிரோடு இல்லை.

ஓரத்தில் இருந்த பாரத்தின் எண்களைப் பார்த்தார். இரண்டு. நான்கு. ஆறு. பன்னிரண்டு வருஷத்து பைண்டருக்கு வியர்த்தது.

மத்தியானம் இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"அக்கா வீட்ல சாப்பிட்டு வந்தோம்," என்றாள் மனைவி.

"அப்ப எனக்கு?"

"ஊரைப் பிடிக்கப் போறவங்க கட்டுச்சோறு கொண்டுபோயிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"இந்தத் தாளையெல்லாம் படிச்சியா நீ?"

"படிக்காம எந்தத் தாள்லயாவது கத்திரி வச்சிருக்கேனா? நீங்கதான் பாதியிலேயே நின்னுட்டீங்க."

பைண்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த வலது கை கிடைக்கலை. அதுல என்ன போட்டிருந்துச்சு?"

"லட்சக்கணக்குல போனவங்க கொஞ்சப் பேராத் திரும்பினாங்களாம். அவரு அவங்களை விட்டுட்டு முன்னாடியே வண்டியேறி வீட்டுக்குப் போயிட்டாராம்."

"வீட்ல சாப்பாடு போட்டாங்களாமா?"

"அது போடலை," என்றபடி பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே பேச்சை எடுத்தாள்.

"முன்னறை உங்களுக்கேதாங்க."

"இது எந்தப் பாரத்துல வருது?" என்றார், சந்தேகத்தோடு.

"எதுலயும் வரலை. நானா யோசிச்சது. தையல் அடுப்படியிலேயே இருக்கட்டும். ஆனா நாப்பது சட்டையை விரிச்சா அங்க அடுப்புக்கு இடமில்லை. அடுப்பு, பாத்திரம் எல்லாம் உங்க அறைக்கு வந்துரட்டும். நான் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டேன். அது உங்க ஆட்சி."

"அப்ப சமையல் யாரு பண்றது?"

"அந்த அறைக்குத் தலைவர் யாரு?"

பைண்டர் யோசித்தார். முன்னறையில் அடுப்பு, அதன்மேல் உலை, அதன் எதிரே தான். பெஞ்சு எங்கேயும் தெரியவில்லை. தோற்றுப் போவதைவிடத் தானாக விட்டுக்கொடுப்பது கௌரவம் என்று தோன்றியது. அதற்குள் தச்சர் வாசலில் வந்து நிற்க, சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"தச்சரே, நல்லாக் கேட்டுக்குங்க. யாரும் என்னை வற்புறுத்தலை. குடும்ப நன்மையை நினைச்சு, என் உரிமையை நானே விட்டுக் குடுக்குறேன். அந்தப் பலகையை மேசையாவே செஞ்சிருங்க. இது என் முடிவு."

தச்சர் பணிவாகத் தலையாட்டினார். தெருவுக்குப் போய், வண்டியிலிருந்து நாலு காலோடு பளபளவென்று ஒரு மேசையை இறக்கினார்.

பைண்டர் மேசையைப் பார்த்தார். தச்சரைப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மா செவ்வாக்கிழமையே அளவு குடுத்துட்டாங்க சார். பாலிஷ் காயணுமேன்னுதான் ஞாயித்துக்கிழமை வர்றேன்னேன்."