குடைக்குள் இருந்த தொதல்

இரத்தத்திடம் பொய் சொல்ல முயல்பவன் முழுமூடன். கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டிலிருந்து இலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்த அந்த மூடன் நானேதான்.

அது போர்க்காலம். சீனி நோய் சிறுநீரகத்தைத் தீண்டத் தொடங்கினால் அதுவும் இரத்தத்தில் தெரியும் என்று பேராதனை மருத்துவர் கூறியிருந்தார். இம்முறை சோதனை சரிவராவிடில் நாள்தோறும் இன்சுலின் ஊசி என்றும் எச்சரித்திருந்தார். நானோ ஊசியைக் கண்டால் அலறும் வீரன். ஆகவே முதல்நாட் பகலிலிருந்தே பட்டினி கிடந்தேன். அதுவும் போதாதென்று காலையில் வெறுவயிற்றில் சீனியைக் குறைக்கும் மாத்திரையை இரட்டிப்பாய் விழுங்கினேன். (பெரிய அறிவாளி என்ற நினைப்பு!) இரத்தம் கொடுத்தபின் கொண்டாடவென, மனைவி அறியாமல் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டிய தொதலில் ஒரு துண்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, நூலாற் கட்டிக் குடைக்குள் செருகிக்கொண்டேன்.

மகாவலிப் பாலத்தருகே இராணுவம் பேருந்தை மறித்தது. கூட வந்த மனைவியோடு இறங்கி வரிசையில் நின்றபோது உடல் வியர்த்தது, கை நடுங்கியது. பெயரைக் கேட்டார்கள், எனக்கே நினைவுக்கு வரவில்லை. சோதனைச்சாவடியில் வியர்த்து நடுங்கும் தமிழனுக்கு அந்நாளில் ஒரே பொருள்தான்.

"ஏன் நடுங்கிறது? குடை திற!" என்றான் சிப்பாய்.

திறந்தேன். பொதி விழுந்தது. வரிசை சிதறியது. துப்பாக்கிகள் நிமிர்ந்தன. மனைவி மட்டும் அசையாமல் நின்று கத்தினாள்: "தம்பி, சுடாதேங்கோ! அவருக்குச் சீனி வருத்தம்!"

சிப்பாய் துப்பாக்கி முனையால் தாளை விலக்கினான். கறுப்பாய், எண்ணெய் மினுங்க, அது வெளிப்பட்டது.

"தொதல்!" என்று சிரித்தான்.

மனைவி சிரிக்கவில்லை. சீனி இறங்கிச் சரிந்து விழுந்த என் வாயில் அதைத் திணித்தாள். "முதல்ல விழுங்குங்கோ. உயிர் வந்தாப் பிறகு கதைக்கிறன்."

உயிர் வந்தது, கூடவே ஒரு மகிழ்ச்சியும். தொதல் தின்றவனுக்கு இன்று சோதனை செய்ய இயலாதல்லவா? சாவடியில் விட்டதும் பேராதனை போய், மருத்துவரிடம் மிகுந்த வருத்தத்தோடு அதைத் தெரிவித்தேன்.

"அதுக்கென்ன மாஸ்டர்!" என்றார் அவர். "இப்ப புது டெஸ்ட் வந்திருக்கு. சாப்பிட்டாலும் ஒண்டுதான், சாப்பிடாட்டியும் ஒண்டுதான். மூணு மாசமா சீனி கூடியிருந்தா, ரத்தத்துல ஒட்டிக்கிட்டு நிண்டு காட்டிக்குடுத்துரும்."

காட்டிக்கொடுத்தது. அதே இரத்தத்தில் செய்த இன்னொரு சோதனை, சிறுநீரகம் இலேசாகத் தளரத் தொடங்கியிருந்ததையும் சொல்லிற்று. ஊசி வந்தது. தளர்ச்சி தொடக்கத்திலேயே அகப்பட்டதால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

போர் முடிந்தது, பாலத்துச் சாவடியும் போயிற்று. எங்கள் வீட்டு வாசலில் மட்டும் அது இன்னும் அகற்றப்படவில்லை. நான் புறப்பட்டால் மகள் அந்தச் சிப்பாயின் குரலில், "குடை திற!" என்பாள். விரித்து, உதறிக் காட்டிய பின்னரே மனைவி வழிவிடுவாள்.