ஜம்புநாதன் எழுதிய தண்ணீர்ச் சட்டம்

ஜம்புநாதனுக்கு ஆயிரம் விஷயத்தில் ஆயிரம் கருத்து உண்டு. பிடிவாதம் ஒன்றே ஒன்றில்தான். மதியம் ஒன்று பத்திலிருந்து ஒன்று ஐம்பது வரை தூங்கியே தீருவார்.

கலிபோர்னியாவின் மில்பிடாஸில் அவர் வாடகைக்கு இருந்த டவுன்ஹவுஸுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் மூன்றே மூன்று சிக்னல். பன்னிரண்டே முக்காலுக்கு வீட்டுக்கு வருவார். ரசம் சாதம், சுட்ட அப்பளம், பிறகு சோபா. கம்பெனியே மூழ்கினாலும் ஒன்று ஐம்பதுக்குப் பிறகுதான் மூழ்க வேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. பதவி உயர்வு கிடைத்தால் குபெர்டினோ ஆபீஸுக்குப் போக வேண்டும் என்றார்கள். பதவியே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். இது மனைவி விஷாகாவுக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை விஷாகா காபியை நீட்டியபடி ஆரம்பித்தாள்.

"ஏங்க, சான் ரமோன்ல ஒரு வீடு வந்திருக்கு."

டம்ளர் வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றது. சான் ரமோன் என்றால் ஃப்ரீவே. ஃப்ரீவே என்றால் போக ஒரு மணி, வர ஒரு மணி. மதியம் வீட்டுக்கு வந்தால் வாசல் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

"சான் ரமோன் ரொம்ப தூரம்மா."

"ஒன்பது வருஷமா வாடகை வீடு. பொண்ணு டைனிங் டேபிள்ல உக்காந்து படிக்கிறா. அவளுக்குன்னு ஒரு ரூம் வேணாமா?"

இதற்கு எதிராக ஒரு மனிதன் என்ன சொல்ல முடியும்? எனக்குத் தூக்கம் போய்விடும் என்றா? நாற்பத்தாறு வயதில் அதைச் சொல்ல ஜம்புநாதனுக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே வழக்கமான ஆயுதத்தை எடுத்தார்.

"வாஸ்து பார்க்கணுமே."

"வாஸ்துன்னு இன்னொரு தடவை சொன்னீங்க, நடக்கிறதே வேற!"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. இதுவரை பார்த்த பதினோரு வீட்டையும் அவர் வாஸ்துவைச் சொல்லியே தட்டிக் கழித்திருந்தார். ஐந்தாவது வீட்டுக்கு வாஸ்து எல்லாம் சரியாக இருந்தது. அதுவே சந்தேகமாக இருக்கிறது என்று அதையும் கழித்தார்.

"இந்த ஊர்ல யாருங்க வாஸ்து கேக்கறாங்க? சைனாக்காரங்க வாஸ்து, ஃபெங்சுயின்னு சொன்னாலாவது அர்த்தம் இருக்கு. நாளைக்கு ரீசேல் பண்ணும்போது வாங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் அதைத்தான் கேப்பாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே கார் சாவியை எடுத்தாள்.

வீட்டைக் காட்டியவர் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் காமாக்ஷி ஆன்ட்டி. பெரிய வீடு, நல்ல வெளிச்சம். பின்பக்க வேலிக்கு அந்தப்புறம் ஓர் ஓடை சலசலத்துக்கொண்டு ஓடியது.

"க்ரீக் சார்! இந்தச் சத்தத்தைக் கேட்டா சுகமா தூக்கம் வரும்" என்றார் ஆன்ட்டி.

தூக்கம் என்ற சொல் ஜம்புநாதன் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனதும் பக்கத்து இருக்கை லியாங்கைப் பிடித்தார். வீட்டருகே தண்ணீர் இருந்தால் ஃபெங்சுயி என்ன சொல்கிறது என்று கேட்டார். லியாங் சந்தோஷமாக, தண்ணீர் என்றால் செல்வம், ரொம்ப நல்லது என்று ஆரம்பித்தான்.

"நல்லதெல்லாம் வேண்டாம் லியாங். கெட்டது மட்டும் சொல்லு."

லியாங் அவரை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு சொன்னான். வீட்டுக்கு முதுகுப்பக்கம் மலை வேண்டும், முகப்பில் தண்ணீர் வேண்டும். அதை மாற்றி முதுகில் தண்ணீர் வைத்தால் வீட்டுக்குச் சாய்ந்துகொள்ள இடம் இல்லை என்பார்கள். ஜம்புநாதனுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அன்று சோபாவில் ஐந்து நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்.

மாலையில் விஷாகாவை உட்காரவைத்துப் பிரசங்கம் செய்தார். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"முதுகுல தண்ணி இருக்கக் கூடாதா?"

"கூடவே கூடாது. ஆதாரமே போயிடும்."

"அப்ப அந்த வீடு வேணாங்க. நீங்க சொல்றது நியாயம்தான்."

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் இந்த வாக்கியத்தை ஜம்புநாதன் கேட்டதே இல்லை. தலை லேசாகச் சுற்றியது.

"ஆனா எனக்கு மறந்துடும். எல்லா ரூலையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்களேன். அடுத்த வீடு பாக்கும்போது உதவும்."

போதை ஏறிய மனிதனிடம் பேனாவைக் கொடுக்கக் கூடாது. எழுத உட்கார்ந்ததும் ஜம்புநாதனுக்கு ஒரு யோசனை உதித்தது. கலிபோர்னியாவில் எந்த வீடுமே தேறாதபடி எழுதிவிட்டால்? மறுநாளும் லியாங்கைக் குடைந்து கேட்டுவந்து எழுதினார். தண்ணீர் முகப்பில்தான் இருக்க வேண்டும். கையால் அணைப்பதுபோல வீட்டைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும். நேர்கோட்டில் விரைந்து ஓடும் தண்ணீர் அம்பு, அது ஆகாது. வறண்ட வாய்க்கால் அதைவிட மோசம். கலங்கக் கூடாது, நாறக் கூடாது, இரையக் கூடாது. பின்னால் ஒரு குன்று கட்டாயம். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று முடித்து, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் தானே ஒட்டினார்.

மகள் வந்து பார்த்தாள். "டாட், இஸ் திஸ் எ காண்ட்ராக்ட்?"

"சட்டம்மா, சட்டம்!"

வியாழக்கிழமை மதியம் ஒன்று பத்து. ஜம்புநாதன் சோபாவில் சரிந்து கண்ணை மூடினார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் விஷாகா மாடியிலிருந்து இறங்கி வந்து, பின்பக்க ஜன்னலருகே நின்றாள். கையில் அந்தப் பேப்பர்.

"ஏங்க."

"ம்."

"நம்ம வீட்டுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"சுவர்."

"சுவருக்குப் பின்னாடி?"

ஜம்புநாதன் ஒரு கண்ணைத் திறந்தார். "கால்வாய்."

"அதுல என்ன ஓடும்?"

"மழை பெஞ்சா தண்ணி ஓடும். வெள்ளம் போறதுக்காக சிமென்ட்ல கட்டினதும்மா, அதெல்லாம் கணக்குல வராது."

"எப்படி ஓடும்? வளைஞ்சா, நேராவா?"

"நேராத்தான்."

"மழை இல்லாதப்ப?"

"காஞ்சு கிடக்கும்." சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது.

"முதுகுல தண்ணி. அதுவும் அம்பு. மத்த நாள் வறண்ட வாய்க்கால். ஒன்பது வருஷமா உங்களுக்கு ஏன் ப்ரமோஷன் வரலைன்னு இப்பத்தான் புரியுது!"

ஏன் வரவில்லை என்று ஜம்புநாதனுக்கு நன்றாகவே தெரியும்.

"விஷா, இந்த ஃபெங்சுயி எல்லாம் சும்மா ஒரு..."

"கையெழுத்து யாரோடது?"

அன்று அவர் தூங்கவில்லை.

சனிக்கிழமை காமாக்ஷி ஆன்ட்டி இன்னொரு வீட்டைக் காட்டினார். அதுவும் சான் ரமோன்தான். பின்னால் புல் மூடிய குன்று. முன்னால் தெருவுக்கு அந்தப்பக்கம் ஒரு குளம், வீட்டை அணைப்பதுபோல வளைந்து கிடந்தது. விஷாகா பேனாவும் பேப்பருமாக ஒவ்வொரு வரியாக டிக் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஜம்புநாதன் குற்றம் தேடி அலைந்தார். குளக்கரையில் குனிந்து முகர்ந்து பார்த்தார். நாறவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டார். இரையவில்லை. வளைவு எதிர்ப்பக்கமாவது போகாதா என்று போனில் மேப்பைத் திறந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படித் திருப்பினாலும் குளம் அந்த வீட்டையே அணைத்தது.

"தண்ணி கொஞ்சம் கலங்கலா இருக்கோ?" என்றார் பரிதாபமாக.

"அடியில கூழாங்கல் தெரியுது பாருங்க சார்" என்றார் ஆன்ட்டி. "இன்னும் மார்க்கெட்டுக்கே வராத வீடு. விஷாகா மூணு வாரம் முன்னாடியே பார்த்து ஆசைப்பட்டுட்டா. நீங்க முதல்ல காட்டறதை வேணாம்னுதான் சொல்வீங்களாமே? அதான் அந்த க்ரீக் வீட்டை முன்னாடி காட்டச் சொன்னா."

ஜம்புநாதன் மனைவியைப் பார்த்தார். அவள் கடைசி டிக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். இனி மறைத்து என்ன பயன்? குளக்கரை பெஞ்சில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லிவிட்டார்.

"விஷா, எனக்கு வேற ஒண்ணும் இல்ல. மத்தியானத் தூக்கம் போயிடும். அதான்."

"தெரியுங்க. முதல் வீட்டுக்கு வாஸ்து சொன்னப்பவே தெரியும்."

"தெரியுமா?"

"அதுக்கும் ஏற்பாடு பண்ணியாச்சு. காரை எதுக்கு எடுக்கறீங்க? பக்கத்து டப்ளின் ஸ்டேஷன்ல பார்ட் மெட்ரோ ட்ரெயின் ஏறினா மில்பிடாஸ். காலையில கூட்டம் இருக்காது, ஜன்னல் சீட்டு. போகும்போது ஒரு தூக்கம், வரும்போது ஒரு தூக்கம். இப்ப ஒண்ணுதானே தூங்கறீங்க?"

ஜம்புநாதன் கண் கலங்கிவிட்டார். ஒன்றுக்கு இரண்டு! இப்படி ஒரு மனைவியிடமா சூழ்ச்சி செய்தோம் என்று மனம் உருகியது. அங்கேயே, ஆன்ட்டியின் டாப்லெட்டில், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதத்தில் குடிபோனார்கள். மகள் தன் அறைக் கதவை முதல் நாளே உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை காலை விஷாகா அவரை ஸ்டேஷனில் இறக்கிவிட்டாள். கார் நகரும்போதுதான் தலையை நீட்டிச் சொன்னாள்.

"ஏங்க, பே ஃபேர் ஸ்டேஷன்ல மட்டும் இறங்கி வேற ட்ரெயின் மாறணும்!"

ஜன்னல் சீட்டு கிடைத்தது. இளம் வெயில் முகத்தில் அடித்தது. வண்டி தொட்டிலாக ஆடியது. சோபாவை மிஞ்சிய தூக்கம்.

அவர் கண் விழித்தபோது வெளியே ஒரே இருட்டு. காதை அடைத்தது. எதிர் சீட்டில் இருந்தவரிடம் பே ஃபேர் வந்துவிட்டதா என்று கேட்டார். அது போய் அரை மணி ஆகிறது, அடுத்து சான் ஃபிரான்சிஸ்கோ, இப்போது வளைகுடாவுக்குக் கீழே சுரங்கத்தில் போகிறோம் என்றார் அவர்.

போன் அடித்தது.

"ஏங்க, ஆபீஸ் போயிட்டீங்களா? எங்க இருக்கீங்க?"

"தண்ணிக்கு அடியில" என்றார் ஜம்புநாதன்.