மூன்றரை மரிபெல் உயரம்

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று நாமெல்லாம் அல்லாடிக்கொண்டிருக்க, கல்லைக் கண்டால் கடலையே கண்டுவிடும் ஓர் இனம் உலகத்தில் உண்டு. எங்கள் ஈக்கா பாலைவனத்துப் பக்கம் அந்த இனம் கொஞ்சம் அதிகம். மழை எட்டியும் பார்க்காத மணல்மேட்டில் நின்றுகொண்டு, "தள்ளி நில்லுங்க, இங்கதான் அலை அடிக்குது" என்பார்கள். அந்த அலை ஓய்ந்து பல லட்சம் வருஷம் ஆயிற்று. ஆனால் என்ன?

பாறைகளை ஆராயும் நிலவியல் இன்ஜினியர் அனிசெத்தோ உவார்காயாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாலை போடுவதற்காக எங்கேயாவது மேட்டை வெட்டியிருந்தால் போதும், ஓடுகிற வண்டியை ஓரம் கட்டி, "ஒரே நிமிஷம்" என்று குதித்து இறங்கி, ஒரு துண்டைப் பெயர்த்து நக்கி, பல்லில் வைத்துக் கடித்து, நறநறத்தால் கரையோர வண்டல், வழவழத்தால் ஆழ்கடல் சேறு என்று அறிவித்துவிட்டுத்தான் மறுவேலை. அவருடைய ஒரு நிமிஷத்தில் அவர் மனைவி எர்மெலிந்தா ஒரு ஸ்வெட்டரே பின்னி முடித்திருக்கிறாள்.

பாறையைப் படம் எடுத்தால் அதன் அளவு தெரிய, பக்கத்தில் ஏதாவது வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் சட்டம். சுத்தியல் வைக்கலாம், பேனா வைக்கலாம். இரண்டையும் வீட்டிலேயே மறந்து வந்தால்? குடும்பம் எதற்கு இருக்கிறது!

மகள் மரிபெல் பிறந்ததிலிருந்து அவள் படம் அந்த வீட்டில் இப்படித்தான். பெரிய பாறை; அதன் அடியில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கடுகளவு மரிபெல். "அந்தச் சரிவு மூணரை மரிபெல் உசரம்" என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வார். எந்த வயசு மரிபெல் என்று கேட்டால் விழிப்பார்.

அவளுக்குக் கல்யாணம் வந்தது.

"அப்பா, கேமராக்காரர் ஆயிரம் எடுக்கட்டும். நீங்க எனக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க. அதுல நான் மட்டும்தான் இருக்கணும். கல்லு கூடாது."

"கல்யாணத்துல எதுக்கும்மா கல்லு? சத்தியம்!"

சொன்னபடியே நடந்தார் மனுஷர். தேவாலயம் போகும் வழியில் புதிதாக வெட்டிய மேடு ஒன்று வந்தபோது, பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார். வண்டியை ஓட்டியது எர்மெலிந்தா, அதனால் கூடப் போன பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்களும் பிழைத்தோம்.

தேவாலயப் படியில் மரிபெல் ஏறி நின்று திரும்பினாள். "எடுங்கப்பா!" அவர் போனை உயர்த்தினார். கண்ணில் நீர் கட்டியது. நாங்களும் கைக்குட்டையைத் தேடினோம். க்ளிக்.

விருந்தில் பயறுச் சோறு பரிமாறும்போது எர்மெலிந்தா போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"அடப்பாவி மனுஷா, பொண்ணு மூஞ்சி எங்க?"

படியெல்லாம் சிப்பி பதிந்த கல். படத்தில் ஒவ்வொரு சிப்பியும் துல்லியம். மேலே ஓரமாக ஒரு வெள்ளை உடையின் விளிம்பு, ஒரு செருப்பின் நுனி.

"நீயே பாரேன், சிப்பி எல்லாம் எப்படிக் கவுந்து கிடக்கு! சும்மா செத்து விழுந்தா இப்படிக் கிடக்காது. அலை பொரட்டிப் போட்டிருக்கு. கரை பக்கத்துலதான் இருந்திருக்கணும். செருப்பு வெச்சு அளவுகூட..." என்றவர், மகளைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். அவர் கண் கலங்கியது இந்தப் படிக்கல்லுக்குத்தான் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

மரிபெல் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்பா, அந்தப் படியில நின்னப்போ நான் சிரிச்சேனா, அழுதேனா?"

பல லட்சம் வருஷத்துக்கு முந்தின அலையைச் சொன்னவர், அன்று காலையைச் சொல்லத் தெரியாமல் தட்டைப் பார்த்தார்.

பாவம், சிரிக்காதீர்கள். உங்கள் போனை ஒருமுறை திறந்து பாருங்கள். புதுக் கார் முழுசாகத் தெரிய, ஓரமாக ஒரு தோள். அருவி முழுசாகத் தெரிய, கீழே தலைமுடி. புது வீட்டு வாசல் அகலம் தெரிய, ஓர் ஆள்.

அந்த ஆள் யாரென்று கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள்.