எழுந்தால் மட்டும் கைதட்டவும்

என் முதல் தனிப் பியானோ நிகழ்ச்சியில் நடந்தவை, வரிசைப்படி:

1. வாசிப்பின் நடுவே எழுந்தேன். கைதட்டினார்கள்.
2. மறுபடி எழுந்தேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.
3. மூன்றாவது முறை எழுந்தபோது மாமா பொன்னாடையோடு மேடையை நோக்கி வந்தார்.
4. எல்லாம் முடிந்து எழுந்தேன். ஒருவரும் கைதட்டவில்லை.

இதில் யார்மீதும் தப்பில்லை. (என்மீது உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.)

மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. 'இப்படி நடந்தால் என்ன ஆகும்?' என்று மற்றவர்கள் யோசிக்காத இடத்தில் யோசிக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்த மூளையை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது.

முந்தைய ஆண்டு ஒரு மாணவர் நிகழ்ச்சியில் நான் வாசித்தேன். மூன்று பகுதிகள் கொண்ட ஒரே இசைக்கு என் குடும்பம் மூன்று முறை கைதட்டியது. மேற்கத்திய இசையில் கடைசிப் பகுதி முடியும்வரை கையை மடியில் வைத்திருக்க வேண்டும். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்த பார்வையைப் பெரியம்மா மறக்கவே இல்லை.

"எப்ப தட்டணும்னு ஒழுங்கா சொல்லிடு லா. மானம் போகுது." (எங்கள் ஊர்ப் பேச்சில் வாக்கியக் கடைசியில் 'லா' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.)

ஆகவே இம்முறை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு அனுப்பினேன்: "நான் எழுந்தா மட்டும் தட்டுங்க. எழலன்னா தட்டாதீங்க." தெளிவான விதி. குழந்தைக்கும் புரியும். (என்னை நானே மெச்சிக்கொண்டேன்.)

முற்பாதி முழுக்கப் பழைய, பிரபலமான மெட்டுகள். "இது பேங்க்குக்குப் போன் பண்ணா வர்ற பாட்டு லா!" என்று பெரியம்மா பூரித்தது மேடைவரை கேட்டது. ஒவ்வொன்றும் முடிந்ததும் எழுந்தேன், தட்டினார்கள். விதி அருமையாக வேலை செய்தது.

பிற்பாதி ஜெரோம் எழுதிய புது இசை. ஜெரோம் என் தொடக்கக் கல்லூரி நண்பன், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவன். வெளிநாட்டு இசைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க அவனுக்கு ஓர் அரங்கப் பதிவு தேவைப்பட்டது. மறுநாள்தான் கடைசி நாள். ஒலிப்பதிவுக் கருவியோடு பின்வரிசையில், நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுடைய இசையில் பெரும்பகுதி அமைதி. அந்த அமைதியின் நடுவே வாசிப்பவர் எழுந்து, பியானோவுக்குள் குனிந்து, கம்பிகளை விரலால் மீட்ட வேண்டும்.

எழுந்து.

வாரக்கணக்கில் பயிற்சி செய்தேன். ஒருநாள்கூட எனக்கு உறைக்கவில்லை.

முதல் முறை எழுந்தேன். செங்காங்கிலிருந்து எம்ஆர்டி ரயில் ஏறி வந்திருந்த மொத்தக் குடும்பமும் கடமை தவறாமல் தட்டியது. நான் மீட்டிய கம்பி எனக்கே கேட்கவில்லை. தலை உள்ளே இருக்கும்போதே மூடியை இழுத்து மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். இரண்டாம் முறை மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். (இவ்வளவு உறுதியாகத் தட்டுபவர்கள் விஷயம் தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.) மூன்றாம் முறை, சிராங்கூன் ரோட்டில் வாங்கிய பொன்னாடையை விரித்தபடி மாமா படியில் கால் வைத்தார். ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்து 'போங்க' என்று சைகை காட்டினேன். அதை வணக்கமாக எடுத்துக்கொண்டு, பதில் வணக்கம் வைத்துவிட்டுத் திரும்பினார்.

கடைசி ஒலி தேய்ந்து மறைந்தது. எழுந்தேன். குனிந்து வணங்கினேன். குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு பெரியம்மாவின் குரல்:

"யாரும் தட்டாதீங்க. மறுபடியும் உள்ள கைய விடப் போறா."

நான் காத்திருந்தேன். அவர்களும் காத்திருந்தார்கள்.

"பெரியம்மா, முடிஞ்சிருச்சு" என்றேன்.

அரங்கம் அதிர்ந்தது.

வெளியே ஜெரோமின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. "பதிவு?"

"எல்லாமே விழுந்திருக்கு. உங்க மாமாவோட ஷூ சத்தம்கூட."

"சாரி, ஜெரோம்."

"இனிமே என்ன செய்ய? இதையேதான் அனுப்பணும்."

அன்று சிராங்கூன் ரோட்டு உணவகத்தில், மிஞ்சிப்போன பொன்னாடையை மாமா அவனுக்குப் போர்த்தினார். அவன் அதோடுதான் மீன் தலைக் கறி சாப்பிட்டான்.

அந்த இசைக் கல்லூரியின் நேர்காணலில் அவனிடம் கேட்டார்களாம்: கைதட்டலையே இசையின் பகுதியாக்கும் யோசனை எப்படி வந்தது? ரசிகர்களுக்கு எவ்வளவு காலம் ஒத்திகை? "ஒரு வருஷம்" என்றானாம். (முந்தைய ஆண்டைச் சேர்த்தால் பொய்யில்லை.)

ஜெரோம் இப்போது அங்கேதான் படிக்கிறான். எனக்காகப் புதிதாக ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறான். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு குறிப்பு: வாசிப்பவர் எக்காரணம் கொண்டும் எழக்கூடாது. எங்கள் வீட்டில் படம் முடிந்தாலும் பூஜை முடிந்தாலும் யாராவது ஒருவர் "பெரியம்மா, முடிஞ்சிருச்சு" என்கிறார். நான் சாம்பார் எடுக்க எழுந்தால் கைதட்டுகிறார்கள்.