போல்ட்டுக்குப் பசை தடவிய விவரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே என் வலது முழங்கையைத் தவிர எல்லாரும் நலம். தாங்களும் நலமாக இருப்பதாக நானே எடுத்துக்கொள்கிறேன், போனை எடுக்காதவரிடம் வேறு எப்படிக் கேட்பது.

விஷயம் ஜீப்பைப் பற்றியது. என் மகளோடு சண்டை போட்டுக்கொண்டு தாங்கள் கிளம்பிப் போன அன்று அதை எங்கள் ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போனீர்கள். காடு மேடெல்லாம் ஏறிய வண்டி, அடியில் ஒட்டிய சேற்றோடு இந்த உப்புக்காற்றில் மாசக்கணக்காக நின்றால் என்ன ஆகும். கடைசியாகப் பேசியபோது, "அடித்தகட்டு போல்ட்டெல்லாம் துரு ஏறியிருக்கும் மாமா. புதுசா மாத்தி, பசை தடவி வைங்க, வந்து எடுத்துக்கறேன்" என்றீர்கள். 'வந்து' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நானும் உங்கள் அத்தையும் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டோம். வண்டி எடுக்க வருகிற மனுஷன் வாசலோடு திரும்பிவிடுவாரா, உள்ளே வந்து ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாரா, அவளும் அவரும் நாலு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்களா என்றுதான் இந்த வயதில் வண்டிக்கு அடியில் படுத்தேன்.

படுத்தேனா, முதல் போல்ட்டே அசையவில்லை. ஸ்பேனர் வழுக்கி முழங்கை போனது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "இதுல கை வச்சா உடையும் சார்" என்றார். கை வைத்தார், உடைந்தது, அப்புறம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. மீதியை நானே எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சுத்தியலால் தட்டி, "பெரியவருக்கு மரை கழண்டிருச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று சொல்லச் சொல்லக் கழற்றினேன். உங்க பொண்டாட்டிதான் டார்ச் பிடிச்சா. கண்ணுல துரு விழுந்திருச்சுன்னு அடிக்கடி உள்ள போய் முகம் கழுவிட்டு வந்தா. அப்பன்கிட்டயே துருக் கதை விடுறா.

புது போல்ட் வந்தது. கடையில் போய், "போல்ட்டுக்குப் போடுற பசை குடுங்க" என்றேன். "இதைப் போட்டா ஜென்மத்துக்கும் கழலாது" என்று கடைக்காரர் ஒரு ட்யூபைக் கொடுத்தார். எல்லா மரையிலும் வழிய வழியத் தடவி முடுக்கிவிட்டேன். அப்புறம் மகள் ட்யூபைப் படித்துப் பார்த்துவிட்டு, "அவர் சொன்னது எண்ணெய்ப் பசைப்பா, துருப் பிடிக்காம இருக்கறதுக்கு. இது ஒட்டுற பசை" என்றாள். கிரீஸ் என்று சொல்ல உங்களுக்கு வாய் வலித்ததா மாப்பிள்ளை. உங்களைப் பற்றிப் பேச வந்த தரகரும் 'பசையுள்ள இடம்' என்றுதான் சொன்னார். நான்தான் ஒட்டிக்கொண்டு இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

இனி அந்த போல்ட்டுகளை அறுத்தால்தான் உண்டு. ஆனாலும் வண்டி ஓடும். சேற்றைக் கழுவி, அடியெல்லாம் துரு ஏறாத கறுப்புப் பூச்சு அடித்து வைத்திருக்கிறேன். ஆளை அனுப்பறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நீங்களே வாங்க. காலையில வாங்க, மத்தியானம் வாங்க, சொல்லாமக்கூட வாங்க. அவகிட்ட ஒண்ணும் பேச வேண்டாம், வந்து உட்காருங்க போதும். நாங்க ரெண்டு பேரும் எத்தனை நாளைக்கு அவளுக்குத் துணையா இருப்போம், எனக்கு அதுதான் பயமா இருக்கு.

அத்தை தங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். திட்டியதை எழுத வேண்டாம் என்றும் சொன்னாள். தாங்கள் நோய் நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க மனசார ஆசீர்வதிக்கும்,

மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஒருவர் வந்தார். தாங்கள் அனுப்பிய டிரைவர் என்று நினைத்துச் சண்டைக்குப் போனேன். வண்டியை வாங்கியவராம். போன மாதமே தங்களிடம் பேசி முடித்துவிட்டாராம். சாவியை என் மகள்தான் எடுத்துக் கொடுத்தாள். உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும்ப்பா. நீங்க அவ்வளவு ஆசையா முடுக்கிட்டு இருந்தீங்க, எப்படிச் சொல்றது" என்றாள். ஆகவே, மேலே 'வாங்க' என்று நான் எழுதியிருக்கும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும்.