அதட்டுற வூடு

மஸ்கட்டில் கிடங்கு வேலையிலிருந்த நசீருதீன் செல்போனில் வீட்டு கேமராவைத் திறந்து பார்த்தபோது, அரூரில் அவருடைய வீட்டு முன்சுவருக்கு மூன்றாவது தடவையாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டில் ஒரு டைல்ஸ்கூட ஒட்டவில்லை.

தர்மபுரியில் பிள்ளைகளோடு இருந்த மனைவி சமரீனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மேஸ்திரி மாதேஷு உள்ளயே போக மாட்டேங்கறாருங்க. கேமரா முன்னாடிதான இருக்குது? அதுல ஆளு தெரியலன்னா, எங்க போயிட்டன்னு நீங்க போன் பண்றீங்களாம்."

வீட்டைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டுவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடலாம் என்பது நசீருதீனின் திட்டம். மேனேஜரிடம்கூடச் சொல்லிவிட்டார்.

அதனால் சமையல்கட்டிலும் ஒரு கேமரா மாட்டச் சொன்னார். இது ஸ்பீக்கர் வைத்தது; மஸ்கட்டிலிருந்தே பேசலாம். மாதேஷ் டீக்குக் கிளம்பினால், எங்கே போகிறாய் என்று சுவர் கேட்டது. டைல்ஸ் கோணினால் சுவர் அதட்டியது. கட்டின பொண்டாட்டிகூடத் தன்னை இப்படிக் கேள்வி கேட்டதில்லை என்று மாதேஷ் நொந்துகொண்டார். ஆனால் வேலை சீக்கிரமே முடிந்தது.

நசீருதீனுக்குத்தான் வாய் நிற்கவில்லை. வீடு பார்க்க வந்த பாலக்கோட்டுக்காரர் குழாயைத் திறந்து பார்த்தார்.

"யாரது தண்ணிய வீணாக்கறது? மூடு."

அவர் மூடிவிட்டு அப்படியே போய்விட்டார்.

அடுத்து வந்த புதுமணத் தம்பதி சமையல்கட்டில் கொஞ்சம் நெருங்கி நின்றார்கள். இந்தத் தடவை அதட்டக் கூடாது என்று நசீருதீன் லேசாகக் கனைத்தார். ஓட்டம் பிடித்தவர்கள் மொரப்பூர் போய்த்தான் மூச்சு விட்டார்களாம்.

கனைப்பதும் தப்பு, முறையாக வரவேற்றுவிடலாம் என்று முடிவு செய்தார். மூன்றாவதாக வந்தவர் காலியான வீட்டுக்குள் காலை வைத்ததும், "வாங்க, வாங்க, உங்களுக்காகத்தான் காத்துட்டு இருக்கறேன்" என்றது சுவர். ஓடின ஓட்டத்தில் அவர் வாசலில் விட்ட செருப்பைக்கூட எடுக்கவில்லை.

அரூரில் அதற்கு 'அதட்டுற வூடு' என்றே பேராகிவிட்டது. புரோக்கர் பச்சியப்பன் கையை விரித்துவிட்டார். கேமராவைக் கழற்றிவிடும்படி நசீருதீன் சமரீனிடம் சொன்னார். கழற்ற ஆள் வருவதற்குள் கோகிலவாணி வந்துவிட்டாள். எதிர்வீட்டு மாடியில் பத்துப் பெண்களை வைத்து நைட்டி தைக்கிறவள்; தையலை இந்த வீட்டுக்கு மாற்ற வேண்டுமாம். கேட்ட வாடகைக்கு உடனே சம்மதித்தாள். அரூர் வந்திருந்த சமரீனிடம் அட்வான்ஸையும் எடுத்து நீட்டினாள்.

சமரீன் கொடுத்த போனில் நசீருதீன் பேசினார். "ரொம்ப சந்தோசம்மா. கேமராவ இன்னிக்கே கழட்டிர்றோம். அடுத்த மாசம் நானே ஊரோட வந்துர்றேன். எது ரிப்பேருன்னாலும் நானே பாத்துக்கறேன்."

கோகிலவாணி அட்வான்ஸைப் பிடித்திருந்த கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னங்கண்ணா இப்புடிச் சொல்றீங்க? மாதேஷையே நீங்க வேலை வாங்குனதப் பாத்துட்டுதான் இந்த வூட்டையே கேட்டு வந்தேன். நான் அந்தப் பக்கம் திரும்புனா எங்க புள்ளைங்க மிசின நிறுத்திருதுங்க. நீங்க அங்கியே இருந்து தெனமும் அதட்டுங்க, ஊருப்பக்கம் மட்டும் வந்துராதீங்க. உங்க மூஞ்சியப் பாத்துட்டா அப்பறம் எவ பயப்படுவா?"